டயர் வாங்க மண்டபத்திலிருந்து மதுரைக்குப் போக வேண்டுமா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “என் காருக்கு ஏழு வயது. நான்கு டயரையும் மாற்ற வேண்டும். ஒரு பெரிய டயர் நிறுவனத்தின் பெயர் போட்ட கடைகளை மேப்பில் தேடினேன். மதுரையில் கொத்துக் கொத்தாகக் காட்டுகிறது, ராமநாதபுரத்தில் ஒன்றிரண்டு, அதற்குக் கிழக்கே ஒன்றுமில்லை. மதுரைக் கடைகளுக்கு 4.7, 4.8 என்று நட்சத்திரம். நம் பக்கத்துக் கடைக்கு நாலுக்குக் கீழே. 150 கிலோமீட்டர் போய் மதுரையிலேயே மாற்றிக்கொள்ளலாமா?” கேள்வி பயணத்தைப் பற்றியது போலத் தெரிகிறது. உள்ளே கிடப்பவை வேறு இரண்டு கேள்விகள்: நம் கடலோரத்தில் ஏன் பெயர்ப்பலகைக் கடைகள் இல்லை, நட்சத்திரம் குறைந்தால் வேலையும் மட்டமா. இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் மதுரை விவகாரம் தானாகவே தீர்ந்துவிடும்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பேச்சில் எவ்வளவு தள்ளுபடி செய்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஒன்பது ஆண்டுகள் ஒரு டயர் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகப் பரமக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரையிலும், தொண்டியிலிருந்து சாயல்குடி வரையிலும் பைக்கில் அலைந்தேன். பிறகு பதினான்கு ஆண்டுகள் ராமநாதபுரத்தில் சொந்தக் கடை. இப்போது அதைத் தங்கை மகன் பார்த்துக்கொள்கிறான். ஆகவே உள்ளூர்க் கடைக்காரனின் சார்பு என்னிடம் உண்டு. என் கை பழகியது கார், சிறு சரக்கு வண்டி, டிராக்டர். பத்துச் சக்கர லாரியைப் பற்றிக் கேட்டால் வேறு ஆளைத்தான் காட்டுவேன்.

கடை வைக்க இடம் தேடும் நிறுவனத்தார் வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி இருபது, முப்பது கிலோமீட்டருக்கு வட்டம் போடுவார்கள். வட்டத்துக்குள் எத்தனை வண்டி ஓடுகிறது என்பதுதான் அவர்களுடைய முதல் கணக்கு. மதுரையில் வட்டம் போட்டால் நான்கு திசையும் ஊர். மண்டபத்தில் போட்டுப் பாருங்கள்: வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா, நடுவில் நாடா போல ஒரு துண்டு நிலம். முப்பது கிலோமீட்டர் வட்டத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் தண்ணீர். மீனுக்கு டயர் தேவைப்படுவதில்லை. நம் மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 237 கிலோமீட்டர், தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். கரை நீளமே தவிர ஆள் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி ராமநாதபுரம் மாவட்டத்தில் 13.53 லட்சம் பேர், மதுரை மாவட்டத்தில் 30.38 லட்சம் பேர். அதனால் பலகைகள் கடற்கரையைப் பிடித்துக்கொண்டு வருவதில்லை. மதுரையிலிருந்து நெடுஞ்சாலையைப் பிடித்து மானாமதுரை, பரமக்குடி என்று வந்து ராமநாதபுரத்தில் மூச்சு வாங்கி நின்றுவிடுகின்றன. ராமேஸ்வரம் தீவுக்கோ 1988 அக்டோபர் 2 அன்று பாம்பன் சாலைப்பாலம் திறக்கும்வரை சாலைவழியே கிடையாது. தீவின் டயர் வியாபாரத்துக்குச் சாலை கிடைத்தே இன்னும் நாற்பது ஆண்டு ஆகவில்லை.

வட்டத்தில் தெரியாத இன்னொரு காரணம் இருக்கிறது. விற்பனைப் பிரதிநிதியாக இருந்தபோது மேலதிகாரிகளுக்கு அதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நின்றால் மீன் வண்டியும் நிற்கும், ஐஸ் வண்டியும் நிற்கும். அந்த இரண்டு மாதமும் டயர் விற்பனை படுத்துவிடும். கடை வாடகை படுக்காது. தடை நீங்கும் சமயத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டயர் வேண்டும், ஆனால் கையில் காசு இருக்காது. ஜூனில் டயரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஆகஸ்டில் பணம் கொடுப்பார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு கொடுக்கிற கடைக்காரர்கள் தங்கச்சிமடத்திலும் உச்சிப்புளியிலும் ஏர்வாடியிலும் இருக்கிறார்கள். பலகைக் கடையின் கணினியோ பணம் ஏறினால்தான் டயரை வெளியே விடும். அந்த நோட்டுக் கடைகளில் பாதிக்கு மேப்பில் பெயரே இருக்காது. இருந்தாலும் ‘பஞ்சர் கடை’ என்று மொட்டையாக நிற்கும். மேப் வெறுமையாக இருக்கிறது என்பதால் ஊரில் டயர் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நட்சத்திரத்துக்கு வருவோம். ஒரு நிறுவனத்தின் எல்லாக் கடைகளுக்கும் சேர்த்து ஒரு தரம் இருப்பதாக நினைப்பதிலேயே சிக்கல் தொடங்குகிறது. அமெரிக்காவில் டிஸ்கவுண்ட் டயர் என்றொரு சங்கிலிக் கடை உண்டு. புரூஸ் ஹால் என்பவர் 1960-இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் தொடங்கியது, இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். கடைகளை நிறுவனமே நடத்துகிறது, வேலையாட்களும் நிறுவனத்தின் ஆட்களே. அந்தக் கடைகளின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி பார்த்தால் நிறுவனத்தைப் பற்றி ஏதோ ஒன்று தெரியவரும். நம் ஊரில் எம்.ஆர்.எஃப்., அப்போலோ, சியட், ஜே.கே. என்று எந்தப் பலகையைப் பார்த்தாலும், அதன் கீழே கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் உள்ளூர் முதலாளி. பலகையும் பெயின்டும் நிறுவனத்துடையவை. ஆளும் கையும் முதலாளியுடையவை. ஒரே பலகையின் கீழ் பொன்னான கடையும் பார்த்திருக்கிறேன், காலை வைக்கக் கூடாத கடையும் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘அந்தக் கம்பெனிக் கடைக்கு மதுரையில் 4.8’ என்பதிலிருந்து பரமக்குடியில் அதே பலகை தொங்கும் கடையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

என் கடைக்கு வந்த இரண்டு மதிப்பெண்களைச் சொல்கிறேன். ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரம். ராமேஸ்வரம் போகிற வெளியூர்க் குடும்பம் ஒன்று பஞ்சரோடு வந்தது. சீமைக் கருவேல முள், நம் மாவட்டத்தின் தேசிய ஆயுதம். ரப்பர் திரியை வெளியிலிருந்தே செருகி, காற்று அடித்து, பதினைந்து நிமிடத்தில் அனுப்பினேன். “இது தற்காலிகம்தான், ஊருக்குப் போனதும் டயரைக் கழற்றி உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்” என்றும் சொன்னேன். அவர்கள் ஊரைத் தாண்டுவதற்குள் ஐந்து நட்சத்திரம் வந்து விழுந்தது. பாம்பன்வரை அந்தத் திரி தாங்குமா என்பது அந்த நேரத்தில் எனக்கே தெரியாது.

மற்றது ஒற்றை நட்சத்திரம். மீன் ஏற்றும் சிறு சரக்கு வண்டி. டயர் போட்டு மூன்று வாரம். பின்சக்கரம் ஒன்றில் தினமும் காற்று இறங்குகிறது, டயர் மட்டமானது என்று எழுதிவிட்டார். வண்டியைக் கொண்டுவரச் சொல்லிச் சக்கரத்தைக் கழற்றினோம். சோப்புத் தண்ணீரை ஊற்றினால் டயரில் ஒரு குமிழ் இல்லை. ரிம்மின் ஓரத்தில், உள்பக்கமாக, அரை சாண் நீளத்துக்கு நுரை பொடிப்பொடியாகக் கிளம்பியது. டயரைப் பிரித்தோம். டயரின் விளிம்பு ரிம்மில் உட்காருகிற இடத்தில், கடையில் அதைப் பீடு என்போம், வெள்ளையும் செம்மையுமாக உப்புத் துரு ஏடு ஏடாக எழும்பியிருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டுகிற பக்கம் அது. உண்மையில் தவறு எங்களுடையதும்கூட: புது டயரை ஏற்றும் முன் என் பையன் அந்த ஓரத்தை வயர் பிரஷ்ஷால் தேய்க்கவில்லை. தேய்த்து, துடைத்து, திரும்ப ஏற்றியதும் காற்று நின்றது. நட்சத்திரம் மட்டும் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. அதைப் படிக்கிறவர் டயரைக் குறை சொல்வார். குறை இருந்தது ரிம்மிலும் எங்கள் சோம்பலிலும்.

டயர் நல்லதா என்பது முப்பது, நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு தெரியும். நட்சத்திரம் போடப்படுவதோ வாங்கிய அன்றைக்கு, பெரும்பாலும் கல்லாவின் முன் நிற்கும்போதே. அது அளப்பது கடைக்காரரின் முகத்தையும் காத்திருந்த நேரத்தையும் ஏ.சி. வைத்த அறையையும்தான். மதுரைக் கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை வைத்து, ‘சார், ஒரு ரேட்டிங்’ என்று கேட்டு வாங்குகிறார்கள். அதில் பெரிய குற்றமில்லை, நானும் வைத்தேன். சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தவர்களிடம் மட்டும் அட்டையை நீட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நான்கு மாதத்தில் 4.1 என்பது 4.5 ஆனது. அந்த நான்கு மாதத்தில் கடையில் ஒரு ஸ்பேனர்கூட மாறவில்லை. நம் கடலோரத்து வாடிக்கையாளருக்கு வேறு வழக்கம். திருப்தி என்றால் அடுத்த முறை மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார், கோபம் என்றால் கடை வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போவார். போனை எடுத்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் யாத்திரை வந்தவர்களும் ஆத்திரம் தீராதவர்களும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 15 பேர் போட்டு 4.9 வாங்கிய கடை ஒன்று, 600 பேர் போட்டு 4.4 வாங்கிய கடை ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எது மேல்? புள்ளிவிவரக்காரர்கள் ஒரு எளிய உபாயம் வைத்திருக்கிறார்கள். எந்தக் கடையானாலும் அதற்கு முன்கூட்டியே ஆளுக்கு 4 என்று 20 பேர் போட்டுவிட்டதாகச் சேர்த்துக்கொண்டு கணக்குப் போடுவது. முதல் கடைக்கு 15 பேரின் மொத்தம் 73.5, அதோடு 80 சேர்த்தால் 153.5, அதை 35-ஆல் வகுத்தால் 4.39. இரண்டாவது கடைக்கு 2,640-உடன் 80 சேர்த்து 620-ஆல் வகுத்தால் அதுவும் 4.39. அரை நட்சத்திர வித்தியாசம் காற்றில் கரைந்துவிட்டது. இந்த 20 என்பதும் 4 என்பதும் நான் தேர்ந்தெடுத்த எண்கள். மாற்றினால் விடை கொஞ்சம் மாறும். ஆனால் சில பேர் மட்டும் போட்ட மதிப்பெண்ணை அப்படியே நம்பக் கூடாது என்பது மாறாது.

நட்சத்திரம் கொடுப்பதில் உலகப் புகழ் பெற்றது ஒரு டயர் கம்பெனி என்பது வேடிக்கை. பிரான்சின் மிஷ்லின் நிறுவனம் 1926-இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் தரத் தொடங்கியது. அதற்குப் போகிற சோதகர் தான் யார் என்று சொல்லாமல் சாப்பிட்டு, காசும் கொடுத்துவிட்டு வருவார். நம் மேப் நட்சத்திரத்துக்கு அப்படி யாரும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரவிதியைக் கொண்டுவந்தது, அப்போது அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே படிக்கிறவர்தான் சோதகர். நான் ஐந்தையும் ஒன்றையும் தள்ளிவிட்டு இரண்டு, மூன்று, நான்கு நட்சத்திரக்காரர்கள் எழுதியதைப் படிப்பேன். ‘ஆறு மாதம் கழித்து மறுபடி வந்தேன்’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி நூறு ‘குட் சர்வீஸ்’களுக்குச் சமம்.

மதுரைக் கடையைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரம் சொல்லாத ஒரு விஷயம் உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது: உப்பு. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, உப்புக் காற்று இரும்பைத் தின்னும். ரிம்மின் ஓரம், வால்வு, சக்கர நட்டு எல்லாவற்றையும் தின்னும். டயரில் ஆழமான வெட்டு விழுந்து உள்ளே இருக்கும் எஃகு கம்பிவரை உப்புத் தண்ணீர் போனால் கம்பி துருப்பிடித்து ரப்பரிலிருந்து பிரியும். கடல் காற்று ரப்பரையே அரித்துவிடும் என்றும் நம் பக்கம் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ளத் தயங்குவேன். ரப்பரில் வெடிப்பு விழவைப்பவை வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன், வயது. கீழக்கரையில் எனக்கு வந்த பல கார்கள் ஓடித் தேய்ந்தவையே அல்ல, நின்றே பாழானவை. உரிமையாளர் வெளிநாட்டில், கார் கொட்டகையில், வெயில் படுகிற பக்கத்து டயர் மட்டும் பொடிப்பொடியாக வெடித்திருக்கும். டயரின் மேல்பரப்பில் வெட்டிய பள்ளங்களோ புதிதுபோல இருக்கும். அதைக் கடல் காற்றின் மேல் போட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. ஆக, ரிம்மைத் தேய்த்து ஏற்றுவதைப் பழக்கமாக வைத்திருக்கும் கடைதான் உங்களுக்கு வேண்டிய கடை. மண்டபம், பாம்பன் வண்டிகளைத் தினமும் பார்க்கிற ராமநாதபுரத்துக் கைக்கு அந்த வழக்கம் இருக்க வாய்ப்பு அதிகம். என் பையன் மறந்ததையும் மேலே சொல்லிவிட்டேன், ஆகவே பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான்கையும் மாற்றத்தான் வேண்டுமா என்பதையும் பாருங்கள். பள்ளத்தின் அடியில் சிறு மேடு போலத் தேய்மானக் குறி இருக்கும். அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் பேச்சே இல்லை, மாற்ற வேண்டும். வராவிட்டால் டயரின் பக்கவாட்டில் உள்ள தயாரிப்புக் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்துக்கு மேல் பள்ளம் இருந்தாலும் வேண்டாம் என்பது மிஷ்லின் போன்ற நிறுவனங்களின் அறிவுரை. நம் வெயிலுக்கு ஆறேழில் மாற்றிவிடச் சொல்வேன். அது என் கருத்து, சட்டம் அல்ல. அதே நான்கு இலக்கத்தைப் புது டயரிலும் கேட்டுப் பாருங்கள். சிறு ஊர்க் கடையின் உண்மையான பலவீனம் அங்கேதான் இருக்கிறது. நாலு பேர் கேட்கிற சாதாரண அளவு டயர் வேகமாக விற்றுப் புரளும், எப்போதும் புதிதாக இருக்கும். ஆண்டுக்கு இரண்டு பேர் கேட்கிற பெரிய அளவு டயர் பரணிலேயே கிழடாகிவிடும்.

செலவையும் போட்டுவிடலாம். போக வர 300 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கொடுத்தால் 20 லிட்டர் பெட்ரோல், இரண்டாயிரம் ரூபாய் சுமார். சுங்கக் கட்டணமும் ஒரு நாள் பொழுதும் தனி. மதுரையில் போட்டி அதிகம், நான்கு டயருக்குச் சேர்த்துக் கேட்டால் விலை கொஞ்சம் இறங்கும் என்பது உண்மைதான். அந்த இறக்கம் இந்தத் தொகையை விழுங்குகிற அளவுக்கு இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடலாம். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. வரிக்கு முந்தைய விலை 5,000 என்றால் முன்பு 6,400, இப்போது 5,900. எந்த ஊரில் வாங்கினாலும் பில்லில் 18 என்று இருக்கிறதா பாருங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். டயரில் தயாரிப்புக் குறை என்றால் பெரும்பாலும் விற்ற கடை வழியாகத்தான் நிறுவனத்திடம் முறையிடுவோம். மீதமிருக்கும் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்துத்தான் ஈடு தருவார்கள். வெட்டுக்கும் முள்ளுக்கும் பொதுவாக எதுவும் கிடைக்காது. விற்ற கடை 40 கிலோமீட்டரில் இருப்பதற்கும் 150-இல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தெரியும்.

என் பதில்: உங்கள் காரின் டயர் எல்லோரும் கேட்கிற சாதாரண அளவு என்றால் ராமநாதபுரம் போதும். பெரிய எஸ்.யு.வி., 17, 18 அங்குலச் சக்கரம் என்றால் மதுரைக்குப் போவதில் அர்த்தமுண்டு. புதுச் சரக்கு அங்கேதான் சுலபமாகக் கிடைக்கும். எங்கே போனாலும் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, முடிந்த பிறகு, செய்வதற்கு முன்னும் பின்னும் உள்ள அளவுகளை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். ‘அதெல்லாம் சரியாக இருக்கிறது, சார்’ என்கிற கடையில் இயந்திரம் இருக்கலாம், அதைப் படிக்கத் தெரிந்தவர் அன்றைக்கு விடுப்பில் இருக்கலாம். வால்வு நான்கும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், சில்லறைச் செலவுதான். ஸ்டெப்னியை மறந்துவிடாதீர்கள், அதற்கும் ஏழு வயதாகிவிட்டது.

கிளம்புமுன் இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் செய்து டயரின் அளவைச் சொல்லி, “என்ன வாரம், என்ன வருடம்?” என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் போனைக் கல்லாவில் வைத்துவிட்டு, டயர் அடுக்கிவைத்த இடத்துக்குப் போய், யாரிடமோ “அந்த மேல் டயரைத் திருப்பு” என்று சொல்கிற சத்தம் உங்களுக்குக் கேட்டு, திரும்ப வந்து நான்கு இலக்கத்தைப் படித்தால், அந்தக் கடைக்கு 3.8 நட்சத்திரம் என்றாலும் போங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே “எல்லாம் புது ஸ்டாக்தான்” என்றால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழுத்துங்கள்.